மூன்றாக வகுத்த மழை

மாப்பிள்ளை என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தபோது நான் ஆறாம் வகுப்பின் முன்னால் நின்று மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேசையில் மூன்று புனல்கள். ஒன்றில் மணல், ஒன்றில் களிமண், மூன்றாவதில் உடைந்த சிமெண்டுப் பலகையின் துண்டு. மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். மணல் மடமடவென்று குடித்தது. களிமண் யோசித்து யோசித்துக் குடித்தது. சிமெண்டோ ஒரு சொட்டைக்கூட உள்ளே விடாமல் மேசைமேல் வழியவிட்டு என் வெள்ளைக் கோட்டை நனைத்தது. வகுப்பே சிரித்தது.

"உள்ள போனா நிலத்தடி நீர். உள்ள போக வழியில்லாம மேலயே ஓடினா, அதுக்குப் பேரு வழிந்தோடும் நீர். நம்ம ஊர்ல..." என்று தொடங்கியவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் அந்த வழிந்தோடும் நீர் பள்ளத்தெருவுக்குள் புகுந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களில் நான்கு பேருக்கு அன்று போன புத்தகப் பை இன்னும் கிடைக்கவில்லை.

வாசலில் நின்றவர் என் தங்கையின் கணவர். நகராட்சியில் பொறியாளர். மடிப்புக் கலையாத சட்டை போடுகிற மனிதர், அன்று பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. எது வரிசை தப்பினாலும் எனக்குப் பொறுக்காது, பிறவிக் குணம். இந்தக் கதையில் நடந்த கெடுதல் எல்லாம் அந்தக் குணத்தால் வந்ததுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, மழைப் பதிவேடு வேணும். நகல் போதாதாம், அசலே வேணுமாம்."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"வியாழக்கிழமை விசாரணை அதிகாரி வர்றாங்க. பள்ளத்தெரு வடிகாலை ஏன் அவ்வளவு சின்னதாக் கட்டினேன்னு கேக்குறாங்க. என்கிட்ட இருக்கிற ஒரே சாட்சி உங்க பதிவேடுதான். பதினோரு வருஷத்துல ஒரே நாள்ல பெஞ்ச அதிகபட்ச மழை தொண்ணூத்திரண்டு மில்லிமீட்டர். நான் நூறுக்குக் கட்டினேன். அன்னைக்குப் பெஞ்சது இருநூத்தி அறுபத்தொண்ணு. யாரும் பாக்காத மழை வந்தா நான் என்னக்கா பண்ணுவேன்?"

"நீங்க என்ன பண்ண முடியும்? பதிவேடு எங்கயும் ஓடிடாது. அதிகாரி இங்கயே வரட்டும், நானே எடுத்துக் காட்டுறேன்," என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பள்ளித் தோட்டத்தின் நடுவில், கம்பி வேலிக்குள் மழைமானி இருக்கிறது. மேலே ஒரு புனல், அதன் கீழே ஒரு புட்டி, இரண்டையும் சுற்றி ஒரு தகர உருளை. அவ்வளவுதான் கருவி. காலை எட்டரைக்குப் புட்டியில் சேர்ந்த நீரைக் கண்ணாடி அளவுக்குவளையில் ஊற்றி, கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். இதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் எனக்கு 'மில்லி டீச்சர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊரிலும் அதுவே நிலைத்துவிட்டது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று பலகை எழுதி வேலியில் மாட்டியவளும் நான்தான்.

அரசாங்கத்தின் வானிலை நிலையம் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அங்கே வெயில் காயும்போது இங்கே கொட்டும், இங்கே காயும்போது அங்கே கொட்டும். அதனால்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் வடிகால் திட்டம் வந்தபோது மாப்பிள்ளை என்னிடம் வந்தார். நான் பதிவேட்டைப் புரட்டி, ஆண்டுவாரியாக ஒரு நாளின் அதிகபட்ச மழையை ஒரே தாளில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். "எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்கக்கா," என்றார். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

அவர் வந்து போன அன்று மாலை, பள்ளி விட்டதும் ஆய்வுக்கூட அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தேன். அதிகாரி கேட்டால் சட்டென்று காட்ட அந்தத் தொண்ணூற்றிரண்டு இருக்கும் பக்கத்தில் ஒரு தாளைச் செருகி வைக்கலாம் என்று நினைத்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய பக்கம் அது. விரலை ஓட்டிக்கொண்டே போனேன்.

சனி, 92. ஞாயிறு, 92. திங்கள், 92.

முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. மூன்று எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே சாய்வில் அழகாக இருப்பதைத்தான் பார்த்தேன். பிறகு மூன்றையும் மறுபடி விரல் வைத்துப் படித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சனி, ஞாயிறு பள்ளி விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை அளந்தால் அடுத்து திங்கட்கிழமை காலைதான். மூன்று நாள் மழையும் ஒரே புட்டியில் இருக்கும். அப்படியானால் சனி, ஞாயிறு கட்டங்களைக் காலியாக விட்டு, திங்களில் மொத்தத்தை எழுதி, பக்கத்தில் 'மூன்று நாள் மொத்தம்' என்று குறிக்க வேண்டும். பதிவேட்டின் உள்ளட்டையில் பொடி எழுத்தில் அச்சடித்தே இருக்கிறது. நான் படிக்காமல் இல்லை. முதல் வருடம் அப்படித்தான் எழுதினேன். அந்த வருடக் கடைசியில் பள்ளியைப் பார்வையிட வந்தவர் பதிவேட்டை விரித்து, "என்ன டீச்சர், வாரத்துக்கு ரெண்டு பல்லு விழுந்திருக்கு?" என்று சிரித்தார். அவர் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து திங்கட்கிழமை மழையை மூன்றாக வகுத்து மூன்று கட்டத்திலும் எழுதத் தொடங்கினேன். ஆறாம் வகுப்புக்குச் சராசரி கற்றுக்கொடுக்கவும் அது வசதியாக இருந்தது. மாத மொத்தம் மாறாது, வருட மொத்தம் மாறாது, பிறகென்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்து வருடம் பல் விழாத பதிவேடு.

அந்தத் திங்கட்கிழமையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புட்டி நிரம்பி வழிந்து, தகர உருளையிலும் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. அளவுக்குவளையில் ஒரு தடவைக்கு இருபது மில்லிமீட்டர்தான் கொள்ளும். பிள்ளைகள் கூச்சல் போட்டு எண்ண, பதின்மூன்று முறை நிரப்பிக் கொட்டினோம். பதினான்காவது முறை பதினாறில் நின்றது. மொத்தம் இருநூற்று எழுபத்தாறு. மூன்றால் வகுத்தேன், மீதியே இல்லாமல் வகுபட்டது. "பாத்தீங்களா, எவ்வளவு அழகா வகுபடுது!" என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கடவுளே, அழகாம்.

ஆனால் அந்த மழை மூன்று நாள் பெய்யவில்லை. வெள்ளிக்கிழமை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. சனிக்கிழமைதான் தங்கையும் மாப்பிள்ளையும் இப்போதிருக்கிற வீட்டுக்குக் குடிபோனார்கள். மதியம் முழுக்க வெயிலில் சாமான் ஏற்றினோம். இருட்டும் நேரத்தில் வண்டி புது வீட்டு வாசலுக்கு வரவும் மழை பிடித்துக்கொண்டது, விடியும்வரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க மொட்டை மாடியில் மெத்தை காயப்போட்டோம். ஒரே இரவு. இருநூற்று எழுபத்தாறு. இப்போது பள்ளத்தெருவை முக்கியதைவிடப் பதினைந்து அதிகம்.

அப்போது ஊர் முழுகாததற்குக் காரணம் இருந்தது. இன்று பள்ளத்தெரு இருக்கிற இடம் அன்று வெறும் தரிசு, புல்லும் மணலுமாகக் கிடந்தது. பெய்ததைக் குடித்துவிட்டு அது பேசாமல் இருந்தது. அதன் பிறகுதான் அங்கே வீடுகள் வந்தன, முற்றங்களுக்குச் சிமெண்டு வந்தது, மேட்டுத் தெருக்களுக்குத் தார் வந்தது. என் மேசைமேல் இருந்த மூன்றாவது புனலாக ஊர் மாறியது. அந்தத் தண்ணீர் எல்லாம் போக ஒரு வடிகால் கட்டினார்கள். அதை என் தொண்ணூற்றிரண்டை நம்பிக் கட்டினார்கள்.

பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை இன்னும் வந்திருக்கவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், அவள் மடித்ததை எடுத்து ஓரம் சேர்த்து மறுபடி மடித்தேன்.

"நான் மடிச்சா உனக்கு ஆகாதே," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா?" என்றாள்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கையிலிருந்த துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத."

"எப்படிடீ சொல்லாம இருக்கிறது?"

"அக்கா, நான் சொல்றதக் கேளு. பதிவேடு இப்படியே இருந்தா, யாரும் எதிர்பாக்காத மழை, யார் மேலயும் தப்பில்லன்னு எழுதி முடிச்சிடுவாங்க. அவர் வேலை நிக்கும். உன் பேரும் நிக்கும். நீ வாயத் திறந்தா, கண்ண மூடிக்கிட்டுக் கட்டினான்னு அவரத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம், அந்தக் கதையாயிடும்."

"பள்ளத்தெரு என்னாகும்?"

"அதான் ஆகிப்போச்சே. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"வடிகாலை மறுபடி கட்டுறாங்கல்ல?"

அவள் மடியிலிருந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தெரியும். உடைந்த இடங்களை அடைத்து, அதே அகலத்தில், அதே ஆழத்தில் கட்டுவதாகத் திட்டம் தயாராகிவிட்டது என்று மாப்பிள்ளையே முந்தின வாரம் சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட மழை நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதானே என்றார். ஆறு வருஷத்தில் இரண்டு தடவை என்று தெரிந்த ஒரே ஆள் நான். இப்போது இவளையும் சேர்த்தால் இரண்டு பேர்.

"உன் கால்ல வேணா விழறேன்கா," என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. கேட்காமலே எடுத்துக்கொள்கிற ரகம். அவள் கெஞ்சியது எனக்குப் பயமாக இருந்தது. "சரி, பாக்கலாம்," என்று மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தேன். கோழைகளுக்கு என்று ஒரு சொல் இருந்தால் அது அந்தப் 'பாக்கலாம்'தான்.

புதன்கிழமை மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் நல்ல பதிலாக என்னிடம் இல்லை. யாராவது என்னைத் திட்ட வேண்டும் என்று இருந்தது போல.

பள்ளத்தெரு முனையில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவர் அங்கே படுத்திருந்தார். வெள்ளத்தன்று கடையிலேயே படுத்திருந்தவர், தண்ணீர் ஏறியதும் துணி மூட்டைகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாராம். கழுத்தளவு வந்தபோது பக்கச்சுவர் சாய்ந்து அவர் வலது கைமேல் விழுந்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. விரல்கள் மடங்கவில்லை. இனி மடங்குமா என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார் என்றாள் அவர் மனைவி. கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரி போடுகிறவனுக்கு வலது கை.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். "வாங்க மில்லி டீச்சர். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்."

"என்கிட்டயா?"

"உங்க வெள்ளைக் கோட்டு ரெண்டு கடையில இருந்துச்சு. மேல ஏத்துறதுக்குள்ள சேத்துல போயிடுச்சு. இவ எடுத்துத் தொவச்சிருக்கா. கறை முழுசாப் போகல."

"கோட்டு கெடக்குது விடுங்க. கை எப்படி இருக்கு?"

"இருக்கு," என்று சிரித்தார். "உங்க மாப்பிள்ளையத்தான் எல்லாரும் திட்டுறாங்களாமே. பாவம், அவரு என்ன பண்ணுவாரு. இவ்வளவு மழ வரும்னு யாருக்குத் தெரியும்? வானத்த யாரு டீச்சர் அளந்து பாத்தது?"

கட்டிலின் விளிம்பில் போர்வை ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்யக் கை போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். என்மேல் எனக்கே வந்த கோபத்தில், போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை தலைமையாசிரியர் அறையில் விசாரணை நடந்தது. அதிகாரி என்னைவிட இளைய பெண். எதைக் காட்டினாலும் பென்சிலால் காட்டுவாள், பேசும்போது அதே பென்சிலால் காதோர முடியை ஒதுக்கிக்கொள்வாள். மாப்பிள்ளை சுவரோரம் நின்றிருந்தார். பொத்தான்கள் சரியாக இருந்தன. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். தங்கை அவரிடம் வாயைத் திறக்கவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது.

அதிகாரி பதிவேட்டின் முதல் சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க," என்றாள். அன்று அந்த வார்த்தை அறைந்தது போல இருந்தது. பிறகு தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் தள்ளி, கீழே பென்சிலால் தொட்டுக் காட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

'இப்பதிவேட்டில் உள்ள அளவுகள் அனைத்தும் அந்தந்த நாளில் அளந்து எழுதப்பட்டவை என உறுதி அளிக்கிறேன்.'

ஒரே வரி. பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். கையெழுத்துப் போட்டால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் நல்ல சேதி சொல்வார். மத்தியானம் எனக்கு ஆறாம் வகுப்பு. சிமெண்டுத் துண்டை மறுபடி எடுத்து வைத்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, வழிந்தோடும் நீர் என்று சொல்ல வேண்டும். அதை நினைத்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"இது பொய்ங்க," என்றேன்.

"எது?"

"இந்த வரி. சனி ஞாயிறு நான் அளக்கல. பள்ளி லீவு. திங்கக்கிழமை மொத்தத்த மூணாப் பிரிச்சு எழுதியிருக்கேன்." பக்கத்தைத் திருப்பினேன். அடையாளத்துக்கு நான் செருகியிருந்த தாள் அங்கேயே இருந்தது. "இந்த மூணு தொண்ணூத்திரண்டும் ஒரே நாள் மழை. சனிக்கிழமை ராத்திரி ஒரே மூச்சுல இருநூத்தி எழுபத்தாறு பெஞ்சது. இவரு கேட்டப்போ நான் தொண்ணூத்திரண்டுன்னு எழுதிக் கொடுத்தேன். இவரு மேல தப்பு இல்ல."

அதிகாரியின் பென்சில் நின்றுவிட்டது. "இந்த மாதிரி எத்தனை திங்கக்கிழமை?"

"பத்து வருஷத்துத் திங்கக்கிழமை எல்லாம்."

அவள் மெல்லப் பக்கங்களைத் திருப்பினாள். மூன்று நான்குகள். மூன்று பதினேழுகள். மூன்று முப்பத்தொன்றுகள். எவ்வளவு நேரம் திருப்பினாள் என்று தெரியவில்லை. அந்தக் காகிதச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் மாப்பிள்ளையைப் பார்க்கப் பயந்துகொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது தெரிஞ்சிருந்தா நீங்க எவ்வளவுக்குக் கட்டியிருப்பீங்க?" என்று அதிகாரி அவரிடம் கேட்டாள்.

"முந்நூறுக்கு," என்றார். குரல் கரகரத்தது. "ரெண்டு மடங்கு அகலமா." பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதாக்கா?" என்றார். "அந்த மழையில மெத்தையத் தூக்கினவன் நானு. மாடிப்படியில வழுக்கி விழுந்து, மெத்தைக்கு அடியில கெடந்து நாம சிரிக்கலையா? உடம்பெல்லாம் நனைஞ்சேன். அப்புறம் அந்த மழை எவ்வளவுன்னு உங்க காகிதத்துல போய்த் தேடினேன். காகிதத்துல இல்லன்னதும் பெய்யவே இல்லன்னு நம்பிட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படிப் பாதியை எடுத்துக்கொண்டதால் என் பாரம் குறைந்ததா என்றால், இல்லை. இன்னொருவர் தலையிலும் ஏற்றிவிட்டோமே என்றுதான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். மாப்பிள்ளையை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கினேன். மழைமானிப் பொறுப்பைக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆனால் சனி, ஞாயிறு கட்டங்களைக் காலியாக விடுகிறார். அடைத்துக் கட்டும் வேலை நின்று, பள்ளத்தெருவில் புதிதாக இரண்டு மடங்கு அகலத்தில் தோண்டுகிறார்கள். தங்கை என்னோடு பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுகிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் கெஞ்சியபோது 'பாக்கலாம்' என்று ஏமாற்றியதற்கு அதுவாவது கிடைக்க வேண்டும்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். இஸ்திரிக் கடைக்காரர் வீடு திரும்பிவிட்டார் என்று தெரிந்தும் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு மாலை போனேன்.

கடையின் பக்கச்சுவர் இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார்கள். இஸ்திரி மேசை துடைத்து வைத்தபடி வெறுமையாக இருந்தது. அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு ரப்பர் பந்தை வலது உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். விரல்கள் பந்தைப் பிடிக்கவில்லை, பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"உக்காருங்க டீச்சர்."

நான் உட்காரவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில கேட்டீங்கல்ல, வானத்த யாரு அளந்து பாத்ததுன்னு?"

"கேட்டேன்."

"நான் அளந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த மழை வந்தது. கையால அளந்துட்டு, கட்டம் காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு மூணாப் பிரிச்சு எழுதிட்டேன். அதை நம்பித்தான் வடிகாலைக் கட்டினாங்க."

அவர் பந்தை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது, அவர் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. வெளியே வடிகால் தோண்டுகிறவர்கள் மண்ணைக் கொட்டும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

"நீங்க சரியா எழுதியிருந்தா," என்று அவர் மெதுவாகக் கேட்டார், "அன்னைக்குத் தண்ணி வந்திருக்காதா?"

பொய் சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. வந்திருக்கவே இருக்காது என்று சொல்லி மொத்தப் பழியையும் ஏற்று அழுதிருக்கலாம். எப்படியும் வந்திருக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மாப்பிள்ளையிடம் கணக்குப் போட்டு வாங்கிய பதிலைச் சொன்னேன்.

"வந்திருக்கும். மேட்டுத் தண்ணி மொத்தமும் வடிகாலுக்குள்ள இறங்குறதுக்குள்ள கொஞ்சம் தெருவுல நிக்கும். முழங்கால் அளவு. கழுத்தளவு வந்திருக்காது."

"முழங்கால் அளவு," என்றார். சாய்ந்த சுவர் இருந்த பக்கம் திரும்பித் தகரத்தைப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் எந்தச் சுவரும் சாயாது என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் எதற்காகக் காத்து நின்றேனோ தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். அவர் உள்ளே பார்த்து, "டீச்சரோட கோட்டக் குடுத்து அனுப்பு," என்றார்.

அவர் மனைவி வந்தாள். துவைத்து மடித்த இரண்டு வெள்ளைக் கோட்டுகளை என் கையில் வைத்தாள். கறை மஞ்சளாக இருந்தது, மடிப்பு மட்டும் ஓரம் பிசகாமல் நேராக இருந்தது.

"இஸ்திரி போடல," என்றாள். "போட ஆளில்ல."